நூற்றுக்குப் பதினெட்டு

"இதை எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்னா, காதைப் பிடிச்சு இதே மேஜை மேல ஏத்தி நிக்க வைப்பேன்!"

பேராசிரியர் தாள்கட்டை மேஜையில் ஓங்கி அடித்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. எதிரே நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த ஆய்வு உதவியாளர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

"என்ன ஆகலேன்னு கேளு. சர்க்கரை நோயாளிங்க மாத்திரை போட மறந்துடறாங்களாம். தினம் போன் பண்ணி ஞாபகப்படுத்தினா மறக்க மாட்டாங்களாம். அதைச் சோதிச்சுப் பார்க்க மூணு வருஷத்துக்கு நிதி வேணுமாம்."

"நல்ல யோசனைதானே சார்?"

"யோசனைக்கு என்ன பஞ்சம்? எழுதத் தெரியணுமே! குறிச்சுக்கோ."

மருத்துவ ஆய்வுக்கு நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பெயரை மறைத்து, அதே துறை தெரிந்த வேறு ஆய்வாளர்களுக்கு அனுப்பி மதிப்பெண் வாங்குவது நிதி தரும் வாரியத்தின் வழக்கம். அந்த வேலையில் நம் பேராசிரியரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. துறையில் அவருக்குப் பெயரே 'பூதக்கண்ணாடி'தான். அடுத்தவர் விண்ணப்பத்தில் ஒரு கமா விட்டுப்போனாலும் மனுஷருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

"நானூறு நோயாளிங்கன்னு போட்டிருக்கான். ஏன் நானூறு? முந்நூறு ஏன் போதாது? கணக்கு எங்கே? ஜோசியம் பார்த்துப் போட்டானா?"

அவள் எழுதிக்கொண்டாள்.

"இங்க பாரு கூத்தை. போன் போறவங்களும் போகாதவங்களும் ஒரே தெருவுல இருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரிக்கு போன் வந்தா அவ சும்மா இருப்பாளா? 'நீ மாத்திரை போட்டியாக்கா'ன்னு சுவரைத் தாண்டிக் கேக்க மாட்டா? அப்புறம் ரெண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் இருக்கும்?"

"அட, ஆமா சார்!" என்றாள். "பின்ன எப்படிப் பிரிச்சிருக்கணும்?"

"அதையும் நானே சொல்லணுமா?" என்று எரிந்து விழுந்தவர், சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னார். "ஊர்ஊராப் பிரிக்கணும். இந்த ஊர் முழுக்க போன், அடுத்த ஊர் முழுக்க போன் கிடையாது. அப்பத்தான் ஒருத்தர் பழக்கம் இன்னொருத்தருக்கு ஒட்டாது."

அதையும் எழுதிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணப் போறாங்களாம். எப்போ? காலையில பதினோரு மணிக்கு! வேலைக்குப் போறவன் எவன் அப்போ வீட்டுல இருப்பான்? பூட்டை எண்ணிட்டு வரவேண்டியதுதான்."

"சாயங்காலம் ஆறு மணின்னு போட்டிருந்தா?"

"யாரு வேணாம்னா? நீ என்ன, அவங்களுக்கு வக்காலத்து வாங்கற?"

"இல்ல சார், தெரிஞ்சுக்கத்தான்." அவள் தயங்கினாள். "சார், நம்ம விண்ணப்பம்... நாளைக்குச் சாயங்காலத்தோட கடைசி. நீங்க ஒரே ஒரு தடவை படிச்சுப் பார்த்தீங்கன்னா..."

"இதோட நாலு தடவை சொல்லிட்ட. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். எங்கே கையெழுத்துன்னு காட்டு, போட்டுடறேன்."

"போன வருஷமும் அப்படித்தான் சார் போட்டீங்க. நூத்துக்கு இருபத்தொண்ணு குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"மதிப்பிட்டவன் மடையன்!"

"இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா மாசக் கடைசியோட எனக்கு வேலை இல்ல. வீடு வீடாப் போற ஆறு நர்சுங்களுக்கும் வேலை இல்ல. அவங்க முகத்துல நான் எப்படி சார் முழிக்கறது?"

அழுகையைவிட ஆத்திரம்தான் அவளுக்கு வந்தது. ஆறு மாதமாக இந்த மனிதரின் கதவைத் தட்டித் தட்டி அவள் கை ஓய்ந்துபோயிருந்தது.

"எல்லாம் கிடைக்கும்மா. நம்மளோடதும் மாத்திரை விஷயம்தானே? ரத்தக்கொதிப்புக்கு நாம எழுதியிருக்கறதை இந்த ஆளு பார்த்தான்னா, வெட்கத்துல தலையைத் தொங்கப்போட்டுடுவான்."

ஒரு வரிகூடப் படிக்காமல் அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே வெளிச்சம். உதவியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "மேல சொல்லுங்க சார்."

மேலே மட்டுமல்ல, கீழே, ஓரத்தில், அடிக்குறிப்பில் என்று ஒரு இடம் பாக்கியில்லை. நடுவில் விலகிப்போகிற நோயாளிகளை யோசிக்கவில்லை. போனே இல்லாதவர்களை மறந்தாயிற்று. மூன்றாம் அட்டவணையின் கூட்டல் தப்பு. ஒன்றரை மணி நேரம் பேராசிரியர் பொரிந்து தள்ளினார். கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. அவள் நோட்டில் ஒன்பது பக்கம் நிறைந்துவிட்டது.

"கடைசியா இதையும் எழுது. 'இந்தக் குழுவின் தலைவர் இதை ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் இத்தனை ஓட்டை இருக்காது.' அடிக்கோடு போடு."

"போட்டுட்டேன் சார்."

"ரெண்டு கோடு போடு. பொறுப்பில்லாத ஆளுங்க! கூட வேலை செய்யறவங்க பொழப்பைப் பத்திக் கொஞ்சமாவது கவலை இருக்கா? நூத்துக்குப் பதினெட்டு. உடனே வாரியத்துக்கு அனுப்பிடு."

அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். மேஜை மேலிருந்த தாள்கட்டையும் பத்திரமாக எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வாரியத்துக்கு வேண்டாம் சார். நீங்க சொன்னதையெல்லாம் இன்னிக்கே திருத்தி, 'சர்க்கரை'ன்னு இருக்கற இடத்துல எல்லாம் மறுபடி 'ரத்தக்கொதிப்பு'ன்னு மாத்தி, நாளைக்குக் காலையில உங்க கையெழுத்துக்குக் கொண்டு வந்துடறேன்."