கோணல் வெட்டு

மாத்திரைப் பையை டவுன் பஸ்ஸில் விட்டுவிட்டாள் செண்பகவல்லி. டாக்டர் சீட்டும் அதோடு போயிற்று. கைக்குட்டையில் முடிந்திருந்த காலி மாத்திரை அட்டைத் துண்டை மருந்துக்கடை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல மாத்திரை பேரே இல்லையேம்மா."

"பேரு உங்ககிட்ட இருக்குண்ணே. போன வாரம் நீங்கதான் கத்தரியால கோணலா வெட்டிக் கொடுத்தீங்க. மிச்ச அட்டையை எடுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே வெட்டுத்துண்டுகள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்தார். அவள் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். ஏழாவது துண்டு இடுக்கில்லாமல் சேர்ந்தது. அவர் பேரைப் படித்து டாக்டருக்கு போன் போட்டார். கொடுக்கலாம் என்று பதில் வந்தது.

மனசு கலங்காமல் இருக்க எழுதிக்கொடுத்த மாத்திரை. அதன் இங்கிலீஷ் பேர் வாயில் நுழையாவிட்டாலும், பத்து வருஷமாகப் புருஷனுக்குக்கூடத் தெரியாமல் விழுங்குகிறாள். ஊரில் தனக்கு மட்டும்தான் இந்தச் சீக்கு என்று நினைத்திருந்தாள்.

வாங்கிய துண்டைத் திருப்பினாள். அதன் மறுமுனையும் வெட்டப்பட்டிருந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் யாருக்கு வெட்டினீங்க?"

கடைக்காரர் கத்தரியை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினார்.

கடைத்தெருவில் எதிரே வந்த ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தாள் செண்பகவல்லி.