பேசாதீங்க, அக்கா

“இதோ நிக்கிறாளே, இவதான் சார் கூடவே இருந்து குழி பறிச்சவ!”

மைக் போட்ட சத்தத்தில் அலுவலகக் கூரையில் ஒட்டியிருந்த பல்லி பிடி நழுவிக் கீழே விழுந்தது.

மைக் என்பது பட்டப்பெயர். உரிமை இயக்கத்தின் இளைஞர் அணித் தலைவன். தெருமுனையில் நின்று அவன் பேசினால், நாலாவது தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து கை தட்டும்.

இழுத்து நிறுத்தப்பட்டவளுக்கும் ஒரு பட்டம் உண்டு. ஊமைக்கோட்டான். அணியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறந்து ஒரு கொட்டாவிகூட விட்டதில்லை.

“என்னப்பா விவகாரம்?” என்றார் இயக்கத்தை நடத்தும் இயக்குநர்.

மறுநாள் பொது விசாரணை. வெளிநாட்டிலிருந்தெல்லாம் விருந்தினர் வருகிறார்கள். தையல் ஆலையில் பெண்களைக் கழிப்பறைக்குக்கூட விடாமல் பூட்டி வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று மேடையேறிச் சொல்ல, ஆலையில் வேலை பார்க்கும் ஒரே ஒரு பெண் வேண்டும். அந்த ஒருத்திக்காகத்தான் மைக் செருப்புத் தேயத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தான்.

“பேக்கிங் அக்கா நேத்து சரின்னு தலையாட்டிச்சு சார். இன்னைக்குப் போனா, ‘தம்பி, ஆளை விடு’ங்குது. ஏன்க்கான்னா, ‘உங்க டி-ஷர்ட் போட்ட பொண்ணு ஒண்ணு வந்து, பேசாதீங்க அக்கான்னு சொல்லிட்டுப் போச்சு’ங்குது. பட்டன் தைக்கிற சித்தி வீட்டுலயும் இதே கதை. நான் முன்வாசல் வழியா சம்மதம் வாங்கிட்டு வர்றேன், இவ பின்வாசல் வழியா போய்க் கலைச்சுட்டு வர்றா!”

இயக்குநர் குரலில் தேன் தடவிக்கொண்டார். “ஆலைக்காரன் என்னம்மா கொடுத்தான் உனக்கு?”

கோட்டான் சுவரைப் பார்த்தாள்.

சுவர் முழுக்க ஒரு பேனர். அதில் ஒரு பெண், முஷ்டியை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க முழங்கிக்கொண்டிருந்தாள். போன விசாரணையில் எடுத்த படம். ‘அவள் பேசினாள். நீ?’ என்று கீழே ஒரு கேள்வி. எங்கோ ஒரு கண்டத்தில் பரிசு வாங்கிய பிறகு அந்தப் படம் காலண்டர், காபிக் கோப்பை, டி-ஷர்ட் என்று கண்டதிலெல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டது. மைக்கின் நெஞ்சிலும் அவள்தான் இருந்தாள்.

“நல்லா பாத்துக்கோ!” மைக் எகிறினான். “எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை. அவங்களுக்கு இருந்த தைரியத்துல கால்வாசி இருக்கா உனக்கு? அவங்க முகத்துல எப்படி முழிப்ப நீ?”

“தினமும் முழிக்கிறேன்” என்றாள் கோட்டான்.

அணியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“கொஞ்சம் காலைத் தூக்குங்க தம்பி.”

துப்புரவு ஆயா. ஏஜென்சிக்காரன் அனுப்பிய ஆள். ஃபினாயில் நெடிக்காக மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, குந்தியபடியே தரையைத் துடைத்து வந்தாள். துடைக்கிற துணி, இயக்கத்தில் மிஞ்சிப்போன டி-ஷர்ட். படம் தரையில் படாமல் உள்பக்கமாக மடித்துப் பிடித்திருந்தாள்.

இயக்குநர் உருகிப்போனார். “பாருங்கப்பா! ஆயாவுக்குக்கூட அந்தப் படத்து மேல எவ்வளவு மரியாதை! படிச்ச பொண்ணுக்கு அது இல்லையே.”

ஆயா துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“சார்” என்றாள் கோட்டான். “மேடையில பேசினதுக்கு மறுநாள் அந்த அக்கா என்ன ஆவாங்க?”

“என்ன ஆவாங்க? நாம அறிக்கை அனுப்புவோம்.”

“அவங்களுக்கா?”

“மேலிடத்துக்கும்மா!”

“ஆலையில கேட்டைச் சாத்திட்டா? வேற ஆலைக்குப் போனா, அங்கேயும் மூஞ்சியைப் பார்த்ததும் ‘ஓ, நீதானே அது’ன்னு துரத்தினா? வீட்டு ஓனர் வந்து, வம்பு பிடிச்ச ஆளுக்கு வீடு கிடையாது, காலி பண்ணுன்னா?”

“போராட்டம்னா நாலும்தான் இருக்கும்” என்றான் மைக். “தியாகம் இல்லாம எது கிடைச்சிருக்கு?”

“யாரோட தியாகம், அண்ணா?”

கோட்டான் இவ்வளவு பேசி அந்தக் கூடம் கேட்டதே இல்லை. கேட்டு என்ன பயன்?

“டி-ஷர்ட்டைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு” என்றார் இயக்குநர். தேன் தீர்ந்துபோயிருந்தது.

சட்டைக்கு மேல் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். படம் உள்பக்கமாக வரும்படி மடித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு குனிந்து, ஆயாவின் வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“போதும், எந்திரிம்மா. போலாம்.”

“ஏய், ஆயா வேலையையும் ஏன் கெடுக்கிற?” என்று மைக் பாய்ந்தான்.

ஆயா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

“அவளைத் திட்டாதீங்க தம்பி. போய்ச் சொல்லிட்டு வாடின்னு அனுப்பினதே நான்தான்.”

மைக் அந்த முகத்தைப் பார்த்தான். பேனரைப் பார்த்தான். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் அதே மூக்கு, உதட்டுக்கு மேல் அதே மச்சம்.

ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் வாசலுக்கு நடந்தாள்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“அட, அவங்களா இவங்க! டேய் மைக், ஓடுடா, ஓடிப் போய்ப் பிடி! நாளைக்கு மேடைக்கு ஆள் கிடைச்சாச்சு!”