கொடியில் நீலச் சட்டை

தங்கபுஷ்பம் வேலைக்குக் கிளம்பும்முன் தினமும் அந்த நீல ஆண் சட்டையை நனைத்துப் பிழிந்து வாசல் கொடியில் காயப்போடுவாள். பழைய துணி விற்பவனிடம் வாங்கியது. அதை யாரும் போட்டதில்லை. வெயிலில் தோள்பட்டை மட்டும் வெளுத்திருந்தது. அந்த வரிசை வீடுகளுக்குத் தனியாகக் குடிவந்த மூன்று வருடமாக, "வீட்டுக்காரரு லாரியில போயிருக்காரு" என்று அவள் சொல்வதற்கு அதுதான் சாட்சி. இரவில் அவள் கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை.

தனி ஆள் ரேஷன் அட்டை கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். விசாரிக்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஓர் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு தலையணை. தலையாட்டிக்கொண்டே திரும்பியவரின் முகத்தில் ஈரச் சட்டை உரசியது.

"யாரு சட்டைம்மா இது?"

அவள் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னாள். அவரும் குரலைத் தாழ்த்தினார்.

"நான் நம்புறேன். ஆபீஸ்ல நம்பணுமே. இந்த வீட்டுல ஆம்பளை யாரும் இல்லைன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுங்க. உங்களுக்குச் சேர வேண்டிய அரிசிம்மா, விட்டுடாதீங்க."

தங்கபுஷ்பம் வெளியே பார்த்தாள். வரிசையில் மற்ற பதினோரு கதவுகளும் திறந்திருந்தன. எதிர்வீட்டுக்காரன் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அவரு நாளைக்கு வந்துருவாரு சார். வந்ததும் ஆபீசுக்கு அனுப்பி வைக்கிறேன்."