வாடை நின்றதும்

மூடியைப் புரட்டித் தள்ளியதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். துண்டை எடுத்து மூக்கில் கட்டினார்கள். ஒருவன் சுவரோரம் போய்க் குமட்டினான்.

அவன் மட்டும் அப்படியே நின்றான்.

கீழே தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தொட்டி. தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீர், மயிர் கரைந்த தண்ணீர், குரோம் டிரம்மிலிருந்து வழிந்த நீலத் தண்ணீர், எல்லாம் வந்து சேரும் இடம். அடியில் சகதி இறுகிவிட்டது. மோட்டார் இழுக்கவில்லை. யாராவது இறங்கிக் கிளறிவிட வேண்டும்.

மேஸ்திரி அவனைப் பார்த்தார்.

"உனக்கென்ன தணிகாசலம். குடுத்து வெச்ச மூக்கு."

சிலர் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

அந்த மூக்கு போய் வருடங்களாகிவிட்டன. முதலில் ரத்தம் வந்தது. பிறகு பொருக்குக் கட்டியது. பிறகு வலியே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு துவாரத்தில் டார்ச் அடித்தாள். வெளிச்சம் மறு துவாரத்தில் தெரிந்தது. நடுச்சுவரில் ஓட்டை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னான்.

அவள் டார்ச்சை அணைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு குழம்பு தீய்ந்தால் தெரியாது. மகள் பிறந்தபோது எல்லாத் தகப்பன்களையும் போலக் குனிந்து உச்சி முகர்ந்தான். ஒன்றும் வரவில்லை. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வாசனை என்றான்.

இப்போது சட்டையைக் கழற்றினான். இரும்பு ஏணியில் கால் வைக்கப் போனான்.

இருசப்பன் குறுக்கே வந்தான். மனைவியின் தம்பி. இருசப்பனை இந்தத் தோல் ஷாப்பில் சேர்த்துவிட்டதே தணிகாசலம்தான்.

"நீ இரு மாமா. ராவெல்லாம் இருமிக்கினே இருந்தியாம், அக்கா சொல்லிச்சு. நான் எறங்குறேன்."

"உனக்கு நாத்தம் தாங்காதுடா."

"தாங்கலன்னா ஏறி வந்துடப் போறேன்."

கயிறு கட்டிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே கயிறே இல்லை.

யார் இறங்கினாலும் மேஸ்திரிக்குச் சரி. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதே தொட்டியின் மறுகோடி மூடியைத் திறந்து கிளற ஒடிசாக்காரர்கள் இரண்டு பேரை முன்பே அனுப்பியிருந்தார். டிரம் ஷெட்டுக்கு அந்தப் பக்கம். போன வாரம்தான் வேலைக்கு வந்தவர்கள். கடப்பாரையால் மூடியை நெம்பும் சத்தமும் நடுநடுவே அவர்கள் பேச்சும் இங்கே கேட்டுக்கொண்டிருந்தன.

இருசப்பன் இறங்கினான். ஒரு படி. இன்னொரு படி. துண்டுக்குள் இருமினான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள்.

இடுப்பு மறைந்தது. தோள் மறைந்தது.

கீழே எங்கோ ஒரு குமிழி உடைந்தது.

இருசப்பன் மூக்கிலிருந்து துண்டை இறக்கினான். அண்ணாந்து பார்த்தான். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"மாமா, நாத்தமே போயிடுச்சு!"

"அவ்ளோதான், பழகிடும்" என்றார் மேஸ்திரி.

தணிகாசலம் துவாரத்தை நோக்கிப் பாய்ந்தான்.

போன மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பக்கத்து ஷாப் ஒன்றில் இதேபோல் இறங்கியவர்களில் ஒருவன்தான் பிழைத்தான். தணிகாசலம் அவனைப் பார்க்கப் போயிருந்தான். கட்டிலில் கிடந்தவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். வாடை இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தோம். திடீர்னு நின்னுபோச்சு. அப்புறம் எதுவும் தெரியல.

விஷக்காற்று மிஞ்சினால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.

தணிகாசலம் விளிம்பில் குப்புற விழுந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு துவாரத்துக்குள் கையை விட்டான். தலைமயிர் அகப்பட்டது. பிறகு சட்டைக் காலர். இழுத்தான்.

"விடு மாமா... இன்னா..."

வார்த்தை குழறியது. இருசப்பனின் கால்கள் ஏணியை விட்டு நழுவின. உடம்பு கல்லாய்க் கனத்தது. மற்றவர்கள் அப்போதுதான் ஓடிவந்தார்கள். எல்லோருமாக இழுத்துத் தரையில் போட்டார்கள்.

கண்கள் திறந்திருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது.

அவன் இருசப்பனின் மார்பில் ஓங்கி அடித்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி அடித்தான்.

இருமல் வந்தது. பிறகு வாந்தி. பிறகு சின்னப் பிள்ளைபோல் அழுகை.

"அடப்பாவி" என்றான். இருசப்பனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தண்ணி கொண்டா. தள்ளி நில்லு, காத்து வரட்டும். ஆட்டோவைக் கூப்பிடு. மேஸ்திரி போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு ஓய்ந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

டிரம் ஷெட்டுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கடப்பாரை இல்லை. பேச்சு இல்லை.

இருசப்பனின் தலையைத் தரையில் இறக்கிவிட்டு ஓடினான். மேஸ்திரி பின்னாலேயே ஓடிவந்தார்.

மூடி திறந்திருந்தது. கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. துவாரத்தின் விளிம்பில் இரண்டு ஜோடிச் செருப்புகள். வீட்டுக்குள் போகிறவர்கள் வாசலில் விடுவதுபோல், ஒழுங்காக.

கூப்பிட வாயைத் திறந்தான்.

பேர் தெரியவில்லை.

திரும்பி மேஸ்திரியைப் பார்த்தான்.

அவருக்கும் தெரியவில்லை.