அம்மன் கேட்ட நிலம்

பச்சைவாழியம்மன் கோயில் வாசலில் அப்படியொரு கூட்டம் இருக்கும் என்று தங்கராசு நினைத்தே பார்க்கவில்லை. ஜீப்பை விட்டு இறங்கியவர் தலைகளை எண்ணினார். அறுபதுக்குக் குறையாது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவர் நில எடுப்புப் பிரிவின் துணை தாசில்தார். மருதங்குடியில் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுக்க ஐம்பது பேரிடமாவது சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் கடலூர் வந்து சேர வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு. வெறுங்கையோடு போனால் கண்காணாத ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார். சிதம்பரத்தில் பிளஸ் டூ படிக்கிற மகளை யாரை நம்பி விட்டுவிட்டுப் போவது?

வரும் வழியில் தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. சேற்றில் நாற்று முடியை வீசிக்கொண்டிருந்த சுப்பராயலு என்ற விவசாயியிடம்தான் விசாரித்தார்.

"நெலம் விஷயமா ஜனங்ககிட்ட பேசணும். எங்க இருக்காங்க?"

"கூட்டமெல்லாம் கோயில்ல இருக்குது சார். அங்க போய்ப் பேசுங்க." சுப்பராயலு குனிந்த தலை நிமிரவில்லை.

தங்கராசு பேசுவதில் கெட்டிக்காரர்தான். அவருடைய பையின் முன்னறையில் விபூதிப் பொட்டலம் இருக்கும், பின்னறையில் ஜெபமாலை இருக்கும். ஊரைப் பார்த்து எடுப்பார். போன வாரம் வேறோர் ஊரில், மாதா கோயில் தெருவில் ஜெபமாலையை எடுத்தார். ஆளுகிறவர்கள் பேச்சைக் கேட்கணும் என்று வேதமே சொல்லுது என்றார்.

"அடுத்தவன் சொத்து மேல ஆசைப்படாதன்னும் அதே வேதந்தான சார் சொல்லுது?" என்று கேட்டாள் ஆரோக்கியம்மாள் என்கிற அம்மாள். ஒரு வாய் டீகூடக் கொடுக்காமல் வழியனுப்பிவிட்டார்கள்.

ஆக, இன்றைக்கு விபூதியின் முறை. நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிய முனீஸ்வரர் சிலையின் காலடியில் போய் நின்றார்.

"தாய்மாரே, அய்யாமாரே! நெலம் நம்மளுதா? பூமி பூராவும் அம்மாவோடது. நம்மகிட்ட குத்தகைக்கு விட்டு வெச்சிருக்கா, அவ்ளோதான். இப்ப அவளே தொழிற்பேட்டைக்குக் கேக்குறா. கவர்மெண்ட் வெறும் வாங்கிக் குடுக்குற கை!"

"அதானே" என்றது கூட்டம். நாலு பெண்கள் குலவை போட்டார்கள். தங்கராசுவுக்குத் தன் பேச்சின் மீது தனக்கே பக்தி வந்துவிட்டது.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொங்கல் கிளறிக்கொண்டிருந்த பவானி, கரண்டியோடு நிமிர்ந்தாள். "சார், இங்க குடிதண்ணி பைப்பு எங்க இருக்குது?"

சரிதான், அரசாங்கத்தைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தார் தங்கராசு. இந்த மாதிரி கேள்விகளை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறார். "உங்க கொறை புரியுதும்மா. நெலத்தைக் குடுங்க, வீட்டுக்கு வீடு பைப்பு வந்துடும்."

பவானி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு குடத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துத் தெருப்பக்கம் அனுப்பினாள்.

"சாமி காரியத்துக்கு இல்லன்னு சொன்னா வெளங்குவமா சார்?" என்று முன்னால் வந்தான் அவளுடைய கணவன் இளவரசு. மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. "எவ்ளோ வேணும்?"

"நூத்தம்பது ஏக்கர்" என்றார் தங்கராசு, கொஞ்சம் பயந்துகொண்டே.

"அவ்ளோதானா? தாராளமா எடுத்துக்குங்க."

தங்கராசு அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். இருபது வருச சர்வீசில் இவரை அடிக்க வந்தவர்கள் உண்டு, ஜீப்பு டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டவர்கள் உண்டு. தாராளமா எடுத்துக்குங்க என்று சொன்ன மகராசனை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

மனசு மாறிவிடப் போகிறார்கள் என்ற அவசரத்தில் படிவங்களை எடுத்து நீட்டினார். "பேரும் கையெழுத்தும் மட்டும் போடுங்க. மத்ததை நான் அப்புறம் ரொப்பிக்கிறேன்."

பவானிதான் முதல் கையெழுத்து. அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு வந்தார்கள். "போடு மச்சான், புண்ணியம் சேரும்" என்று ஒருவன் இன்னொருவனை இழுத்துவந்து போடவைத்தான். மொத்தம் அறுபத்திரண்டு. போதாததற்கு அவரை உட்காரவைத்து, வாழை இலை போட்டு, பொங்கலும் வடையும் பரிமாறினார்கள்.

தங்கராசு உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"அறுபத்திரெண்டா? என்னய்யா மாயம் பண்ணுன?"

"எல்லாம் அம்மன் அருள் சார்."

"பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லிடறேன். நீ லைன்லயே இரு. ஒவ்வொருத்தர் சர்வே நம்பரா கேட்டுப் படி, இங்க கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்."

இனி எந்த ஊருக்கும் மூட்டை கட்ட வேண்டாம். மகளை நினைத்துக்கொண்டார், சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேனாவைத் திறந்தார். இலைக்கு இன்னொரு வடை கொண்டுவந்த பவானியைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுத மொதல்ல எழுதிடலாம். இந்த ஊருல உங்களுக்கு எத்தன ஏக்கரும்மா?"

பவானி வடையை இலையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாங்க சேத்தியாத்தோப்பு சார். இந்த ஊருல எங்களுக்குக் குலசாமி மட்டுந்தான் இருக்குது."