வறண்ட குழாய்

செத்த கோழியின் நெஞ்சைக் கீறியதும் கால்நடை டாக்டர் பூங்கோதைக்கு விளங்கிவிட்டது. இதயத்தின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையடித்ததுபோல் படிந்திருந்தது. அதே அமிலம் ஏறி வீங்கிய கால் கட்டைவிரலை ஸ்டூலில் பத்திரமாக வைத்தபடி, பண்ணை முதலாளி நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா டாக்டரம்மா, தீவனக்காரன் சுண்ணாம்பைக் கலந்துட்டானுங்க."

"உங்க கால்ல இருக்கறதுதாங்க இது. தண்ணியில்லாம கோழிக்குக் கிட்னி போயிருக்குது. தடுப்பு மருந்தைத் தாகத்துல குடிக்கட்டும்னு தண்ணிய அடைச்சீங்களே, அப்புறம் திறந்தீங்களா?"

"இருவது வருசமாப் பண்ணை வெச்சிருக்கறவன்கிட்டயா கேக்கறீங்க? சத்தம் கேக்கலீங்களா, எப்படிக் குடிக்குதுங்கன்னு."

கொட்டகையிலிருந்து டக் டக்கென்று சத்தம் கேட்கத்தான் செய்தது. இந்த ஆளிடம் பேசுவதே வீண் என்று அவள் கொட்டகைக்குள் போனாள். கொத்தினால் தண்ணீர் சொட்டும்படி குழாயில் வரிசையாகத் தொங்கிய நிப்பிள்களைக் கோழிகள் வெறிபிடித்தாற்போல் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றை அழுத்திப் பார்த்தாள். விரல் நனையவில்லை. வால்வைத் தேடி நடந்தாள்.

வெளியே நாச்சிமுத்து வேலையாளை அதட்டினார். "சொம்புல தண்ணி கொண்டாப்பா. நெறையக் குடிக்கோணும்னு என்ற டாக்டரு சொல்லியிருக்காரு."

அவர் அண்ணாந்து மடக் மடக்கென்று குடிப்பது உள்ளே வரை கேட்டது. கோழிகள் கொத்துவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்பின.