லேப் வேலை மட்டும் வேண்டாம்

“துரை பாட்டில் கழுவ மாட்டாராமா?”

ஹெட் கிளார்க் தீர்த்தகிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கோபம் என்று அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். எதிரே நின்ற வேலுமணிக்கும் தெரியும். ஆனாலும் அவன் பேனாவைத் தொடவில்லை.

பி.காம். முதல் வருடம் படிக்கிறவன். சேந்தமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறான். சட்டையிலிருந்த ஐந்து பித்தானில் மூன்று வேறு வேறு நிறம். இந்தச் சட்டைக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது என்று தீர்த்தகிரிக்குப் பட்டது.

“உன்ற பேரைச் சேக்கறதுக்கு பிரின்சிபால் ரூமுக்கு நான் எத்தனை நடை நடந்திருப்பேன், தெரியுமாடா?”

“தெரியுமுங்க சார்.”

ஏழைப் பிள்ளைகள் வேலை பார்த்துக்கொண்டே படிக்க, அந்த எண்பத்திரண்டாம் வருடம்தான் அங்கே ஒரு திட்டம் வந்திருந்தது. வகுப்பு முடிந்ததும் தினம் இரண்டு மணி நேரம் வேலை. கூலியில் பாதி அரசாங்கம் கொடுக்கும், பாதி கல்லூரி கொடுக்கும். பையன் கைக்கு வராது, நேராக பீஸுக்குப் போய்விடும். கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாது, பெயிலானவர்களுக்குக் கிடையாது, இப்படி ஏகப்பட்ட ‘கிடையாது’கள் வேறு.

ஐந்து இடத்துக்கு நாற்பத்தொரு விண்ணப்பம். ‘தகப்பனார் இல்லை, தாயார் கூலி’ என்று வேலுமணி எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் தீர்த்தகிரி மனம் இளகி, அவனை ஐந்தாவது ஆளாக நுழைத்தார். கத்துவாரே தவிர கெட்டவர் இல்லை. நல்லது செய்தவனை இப்படி நிற்க வைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

“வேற ஏதாச்சும் வேலை குடுங்க சார். தோட்டத்துக்குத் தண்ணி எடுத்து ஊத்தறனுங்க.”

“தோட்டத்துக்கு ஆள் போட்டாச்சு. லைப்ரரிக்கும் போட்டாச்சு. கெமிஸ்ட்ரி லேப்ல பாட்டில் கழுவறது ஒன்னுதான் பாக்கி.”

“கக்கூஸ் வேணும்னாலும் கழுவறனுங்க. லேப் வேலை மட்டும் வேண்டாங்க.”

தீர்த்தகிரி கொஞ்சம் குழம்பிப் போனார். அப்படியானால் இது ரோஷம் இல்லை. பையனை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடா, ஆசிட்டுக்குப் பயமா?”

வேலுமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் மென்று விழுங்கிவிட்டான்.

“இத பாரு. அஞ்சு மணிக்கு லிஸ்ட் தபால்ல போயாகணும். கையெழுத்துப் போடலீன்னா திங்கக்கெழமை பீஸ் கட்டாதவங்க பேரை அடிக்கறப்ப உன்ற பேரையும் அடிக்கறது நான்தான். அதுக்கப்பறம் என்கிட்ட வந்து அழுது பிரயோசனமில்லை.”

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. வேலுமணி மேசைமேல் கிடந்த பேனாவைப் பார்த்தான். போட்டால் ஒரு பாவம், போடாவிட்டால் படிப்பு போயிற்று. பதினெட்டு வயதில் இதற்கு யாரிடம் போய் யோசனை கேட்பது?

தீர்த்தகிரி ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். லேப்பில் பாட்டில் கழுவும் பெருமாயி, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து வாசலோரம் நின்றாள். நாலு வருடமாக அங்கே தினக்கூலி.

“ஏம்மா பெருமாயி, அந்தப் பாட்டிலுகளைக் கழுவுனா கை வெந்து போயிருமா?”

“இல்லீங்க சாமி. தண்ணியத் தாராளமா உட்டுக் கழுவுனா ஒன்னும் ஆவாதுங்க.”

“கேட்டுக்கிட்டியாடா?”

அவளிடம் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயமும் இருந்தது. காலையிலிருந்து அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“திங்கக்கெழமையிலிருந்து நீ வர வேண்டாம் பெருமாயி. பாதிக் கூலிய கவர்மெண்டு குடுக்குது, படிக்கற பையனையே போட்டுக்கலாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. என் கையில ஒன்னுமில்லை.”

பெருமாயி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எனக்குப் பதுலா ஆருங்க சாமி?”

“இந்தா நிக்கறானே, இவன்தான். நான் கூப்பிட்டுக் குடுக்கறேன், இவன் கையெழுத்துப் போட மாட்டேங்கறான்.”

“போடாட்டி என்னாவுமுங்க?”

“படிப்பை நிறுத்திட்டு மாடு மேய்க்கப் போக வேண்டியதுதான்.”

அழுவாள், காலில் விழுவாள், சண்டைக்கு வருவாள் என்று தீர்த்தகிரி மூன்றுக்கும் தயாராக இருந்தார். அவள் மூன்றும் செய்யவில்லை.

“நான் வேணா சொல்லிப் பாக்கட்டுங்களா? சின்னப் புள்ளைங்க, பயந்துக்கிச்சாட்ட இருக்குது.”

தீர்த்தகிரி கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு பையன் மேலேயே பாய்ந்தார்.

“பாருடா! வேலை போறவளுக்கு உம்மேல இருக்கற அக்கறை உனக்கில்லையேடா!”

பிரின்சிபால் அறையில் மணி அடித்தது. பைலை எடுத்துக்கொண்டு அவர் வேகமாக வெளியேறினார்.

வேலுமணி தலையை நிமிர்த்தவே இல்லை. காகிதத்தின் மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலங்கியது. பெருமாயி அதைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். பேனாவை எடுத்து அவன் விரல்களுக்கிடையில் வைத்தாள்.

“போடு சாமி. அம்மா நம்மூர்லயே களை வெட்டப் போயிக்கறேன்.”